தட்டாத மேசை

கோபம் வந்தால் அவள் வாயைத் திறக்க மாட்டாள், விரிப்புதான் பேசும். ஈரம் முழுக்கக் காயாத கட்டில் விரிப்பின் இரண்டு மூலைகளைப் பிடித்து அவள் ஓர் உதறு உதறினால், கூடத்தின் மறுகோடியில் சோப்புத்தூள் அளக்கிறவர்கூடத் திரும்பிப் பார்ப்பார். அன்று மத்தியானம் விரிப்புகள் பேசிய பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. எதிர்முனையைப் பிடித்திருந்தவளுக்குத் தோள்பட்டை கழன்றுவிடும்போல் ஆகிவிட்டது.

எதிர்முனைக்காரியை எல்லாரும் நெட்டை என்பார்கள். விரிப்பு மடிக்க ஒரு பக்கமாவது உயரமான ஆள் வேண்டும், இல்லாவிட்டால் வெளுத்த துணி தரையைக் கூட்டும். அந்த உயரத்துக்காகவே நெட்டைக்கு வேலை கிடைத்தது என்று ஒரு பேச்சு உண்டு. அவள் மறுத்ததில்லை.

"அக்கா, துணியைக் கிழிச்சுடாத. என்ன ஆச்சு உனக்கு? பரீட்சையில கோட்டை விட்டுட்டியா?"

"பாஸ்."

"என்னது?"

"பாஸ் போட்டுட்டாரு."

நெட்டை விரிப்போடு அப்படியே நின்றாள். "அதுக்கா இந்த ஆட்டம்?"

"பிடி ஒழுங்கா. மூலை தொங்குது."

பல்கலைக்கழகத்தின் சலவைக்கூடம் அது. விடுதி மாணவர்களின் விரிப்பு, தலையணை உறை, சாப்பாட்டுக்கூடத்து மேசைத்துணி, ஆய்வுக்கூடத்து வெள்ளைக் கோட்டு எல்லாம் தள்ளுவண்டியில் அழுக்காய் வந்து, அலமாரிக்கு அடுக்காய்ப் போகும். வெளியே விடாத மழை. மழை பெய்தால் உள்ளே ஆவிக்குப் போக வழியிருக்காது. கூரையில் முட்டிக்கொண்டு திரும்பக் கழுத்திலேயே வந்து இறங்கும். நடுவில் பெரிய உருளை இயந்திரம், சூடாக, நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஈர விரிப்பை இந்தப் பக்கம் கொடுத்தால் அந்தப் பக்கம் மொறமொறவென்று வரும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த உருளை அவள் புருஷனின் வலது கையை விரிப்போடு சேர்த்து இழுத்துக்கொண்டது. விரல்கள் போகவில்லை, ஆனால் மடங்குவதை நிறுத்திவிட்டன. அதிலிருந்து அவனை ஜன்னலோரத்து மேசையில் தலையணை உறை மடிக்க உட்காரவைத்திருந்தார்கள். அவன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். விரிப்பு படீர் என்று உதறும் சத்தம் கேட்டும் அன்று அவன் திரும்பவில்லை.

அவளைக் கூடத்தில் எல்லாரும் காலேஜு என்று கூப்பிட ஆரம்பித்து நான்கைந்து மாதம் ஆகிறது. பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கிறவர்கள் ஏதாவது ஒரு வகுப்பில் காசு கட்டாமல் சேரலாம் என்று விதியே இருக்கிறது. அந்த விதியை யாரும் தொட்டதில்லை. அவள் ஒரு தடவை கம்ப்யூட்டர் வகுப்பில் போய் உட்கார்ந்து பார்த்தாள். பக்கத்துப் பிள்ளைகள் பாதிப் பாடத்தை வீட்டிலேயே முடித்துவிட்டு வந்திருந்தார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவள் எங்கே போய் முட்டிக்கொள்வது? மறுபடி அலுவலகத்துக்குப் போய்க் கேட்டாள்.

"எந்த வகுப்புல உட்கார்றவங்க யாருக்குமே ஒண்ணும் தெரியாது சார்?"

அலுவலகக்காரர் சிரித்தார். "அப்படிப் பார்த்தா லத்தீன் ஆரம்ப வகுப்புதாம்மா. இங்க எந்தப் பள்ளிக்கூடத்துலயும் அது கிடையாது. எல்லாரும் பூஜ்யத்துலேர்ந்துதான்."

"அப்ப அதையே போடுங்க."

யாருக்கும் தாய்மொழியாக இல்லாத மொழி. யாரும் வீட்டில் பேசாத மொழி. அதுவே அவளுக்குப் பிடித்திருந்தது. வகுப்பு நடந்த மாடியறையில் டாக்டர் பிள்ளையும் பூஜ்யம், கடைக்காரன் பிள்ளையும் பூஜ்யம், வெளுப்புக்காரம் ஏறிச் சிவந்த கையோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற அவளும் பூஜ்யம். இப்படி ஒரு சமம் அவளுக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை.

பாடமும் முதலில் மிரட்டவில்லை. "நம்ம பேச்சுல வீட்டை, வீட்டுக்கு, வீட்டுலன்னு வால் மாறுதுல்ல, அங்கயும் அப்படித்தான் நெட்டை. வாலைப் பிடிச்சா ஆளைப் பிடிச்சுடலாம்" என்பாள். சும், எஸ், எஸ்த் என்று லத்தீன் வினைச்சொல் வரிசையை மூலைக்கு மூலை சொல்லி விரிப்பை மடித்தாள். சுமுஸ், எஸ்திஸ், சுந்த் என்று எதிர்முனையிலிருந்து நெட்டை முடித்துக்கொடுப்பாள். நெட்டைக்கு அதன் அர்த்தம் தெரியாது, கேட்கவும் இல்லை. மடிப்பு நன்றாக விழுந்தது.

வகுப்பு எடுக்கிறவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் மரங்கொத்தி. மெலிந்த மனிதர், திட்டவே மாட்டார். மாணவன் எழுந்து புத்தகத்தில் ஒரு வாக்கியத்தை வாசித்து அர்த்தம் சொல்ல வேண்டும். தப்பு வந்தால் விரல்முட்டியால் மேசையில் ஒரு தட்டு. என்ன தப்பு, எங்கே தப்பு என்று சொல்ல மாட்டார். வாக்கியத்தின் தலையிலிருந்து திரும்ப ஆரம்பிக்க வேண்டும். மறுபடி தப்பா, மறுபடி தட்டு. ஒரே வாக்கியத்தைத் தாண்ட முடியாமல் ஒரு பையன் மணியடிக்கும்வரை நின்றிருக்கிறான். கண்ணாடி போட்ட ஒரு பெண் ஆரம்பத்தில் தட்டுக்குத் தட்டு அழுதாள். பிறகு ஒரு நாள் முழுப் பக்கத்தையும் ஒரு தட்டு வாங்காமல் வாசித்து முடித்தாள். அன்று வகுப்பே பெஞ்சைத் தட்டி ஆர்ப்பாட்டம் செய்தது.

அவளுக்கு அவர் தட்டியதே இல்லை.

அதை அவள் வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள், அதுதான் கொடுமை. வகுப்புள்ள நாளெல்லாம் செருப்பைக் கழற்றும்போதே, "இன்னிக்கும் தட்டலை" என்பாள். புருஷன் கேட்டுக்கொண்டிருப்பான். மகள், "எங்கம்மா பெரிய ஆளு" என்பாள்.

விரிப்பு பேசிய அன்றுதான் பருவத்தின் கடைசித் தேர்வு. ஒவ்வொருவராக அவர் மேசைக்குப் பக்கத்தில் போய் நின்று ஒரே பக்கத்தை வாசிக்க வேண்டும். ஏதோ தீவு, ஏதோ மாலுமி, ஒரு பெண்பிள்ளை, ரோஜா. நௌத்தா புவெல்லய் ரோஸம் தத் என்று வாசித்துவிட்டு, பெண்பிள்ளை மாலுமிக்கு ரோஜாப்பூ கொடுக்கிறாள் என்று சொன்னாள். கை அசையவில்லை. அடுத்த வாக்கியத்தில் ஒரு சொல் சுத்தமாகத் தெரியவில்லை, விட்டுவிட்டுத் தாண்டினாள். கை அசையவில்லை. "நல்லது, நல்லது. தேறிட்டீங்கம்மா, உட்காருங்க" என்றார். வகுப்பு கைதட்டியது. அவளும் பல்லைக் காட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

அடுத்துக் கண்ணாடிக்காரப் பெண். அதே பக்கம், அதே வாக்கியம். அவளும் பெண்பிள்ளை மாலுமிக்குக் கொடுத்தாள் என்றுதான் சொன்னாள்.

டொக்.

பெண் வாக்கியத்தின் தலைக்குத் திரும்பினாள். மாலுமி பெண்பிள்ளைக்கு ரோஜாப்பூ கொடுக்கிறான். மேசை சும்மா இருந்தது.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளுக்குக் காது அடைத்துக்கொண்டது. இத்தனை மாதமும் தப்பாகச் சொன்னதெல்லாம் வரிசைகட்டி வந்து நின்றது. அவள் எழுந்தால் அந்த ஆள் முகத்தில் வருகிற இளிப்பு, தலையாட்டல், 'நல்லது நல்லது'. பூஜ்யமும் பூஜ்யமும் ஒன்று என்று நம்பி வந்த அறையில், அவளை மட்டும் கணக்கிலேயே சேர்க்கவில்லை. கைதட்டியதுகள் எல்லாம் அவள் மேல் இரக்கப்பட்டுத்தான் தட்டியிருக்கின்றன. 

வீடு, சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை. சாயங்காலம் அவளும் புருஷனும் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தபோது மகள் மேசையில் கேக்கு வைத்துக் காத்திருந்தாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள் அவள். அம்மா தேர்வுக்குப் போகிறாள் என்று கடையில் எல்லாரிடமும் சொல்லியிருந்தாள். பாஸ் என்ற சேதி நெட்டையின் போன் வழியாக அவளுக்கு முன்னாலேயே வந்திருந்தது.

"பாஸ் ஆனவ மூஞ்சியாம்மா இது?"

"கேக்கை மூடி வை. ஈ மொய்க்கும்."

"மழையில ஈ ஏதும்மா? வெட்டு முதல்ல."

"மூடி வைன்னு சொன்னேன்."

மூவரும் சூப்பும் ரொட்டியும் சாப்பிட உட்கார்ந்தார்கள். நடந்ததை அவள் துண்டு துண்டாகச் சொல்லி முடிப்பதற்குள் ரொட்டி ஆறிப்போனது. மகள் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"இவ்வளவுதானா? நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். நல்ல மனுஷன்மா அவரு. நாள் பூரா நின்னு வேலை பார்த்துட்டு வர்ற பொம்பளை, அவளை எதுக்கு நாலு பேர் முன்னாடி படுத்தணும்னு நினைச்சிருப்பாரு."

"அவரு நல்லதனத்தைக் கொண்டுபோய்க் குப்பையில கொட்டு."

"எட்டாங்கிளாஸோட நின்னவ காலேஜ் பெஞ்சுல உட்கார்ந்ததே பெரிய விஷயம். இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?"

"அதேதான்டி அவரும் நினைச்சிருக்காரு. உட்கார்ந்ததே பெரிய விஷயம், வாசிச்சா என்ன, வாசிக்காட்டி என்ன. நீயும் அவரும் ஒரே ஜாடை."

"நான் உன்னைப் பாராட்டினா தப்பா?"

"நான் பாராட்டற மாதிரி என்னத்தைப் பண்ணினேன்? சொல்லு. பூவை யாருக்கு யாரு கொடுத்தாங்கன்னுகூடத் தெரியாம உளறிட்டு வந்திருக்கேன்."

"கடையில எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்மா."

"நாளைக்குப் போய் பெயில்னு சொல்லு."

மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்துபோய் ஜன்னலை ஓங்கிச் சாத்தினாள். கோபத்தைப் பொருள் மேல் காட்டுவது அந்தக் குடும்பத்துக்கே உள்ள வழக்கம்.

புருஷன் இடது கையால் கரண்டியைப் பிடித்துச் சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தான். "நாளைக்கு அவர்கிட்டயே போய்க் கேளு" என்றான்.

"கேட்டு என்ன ஆகப்போகுது? போறதையே நிறுத்திடலாம்னு இருக்கேன். எனக்கு வேலையா இல்லை?"

கரண்டி தட்டில் விழுந்தது. "நிறுத்தக் கூடாது."

"உனக்கென்னய்யா வந்துச்சு?"

"எனக்கா? நீ அங்க போற நேரம் மட்டும்தான் அந்த மேசை என் மேசையா இருக்கு. அது வந்துச்சு."

அவளுக்குப் புரியவில்லை. மகள் ஜன்னலோரத்திலேயே நின்றாள்.

"நான் டீ குடிக்கப் போனதும் நீ வந்து என் உறைகளைப் பிரிச்சுத் திரும்ப மடிப்பியே, அது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? மூணு வருஷமா மடிக்கிற. நான் டீயைக் குடிச்சுட்டு உடனே வரமாட்டேன். நீ முடிக்கணும்ல, அதுக்காக வாசல்லயே நிப்பேன். மழையிலகூட நின்னிருக்கேன்."

அவள் ரொட்டியைப் பிய்த்தாள், வாயில் போடவில்லை. "உனக்குத் திட்டு விழக்கூடாதுன்னுதான்யா பண்ணினேன்."

"நாளைக்கு உன் வாத்தியாரும் இதையே சொல்லுவாரு, பாரு. ஒரு எழுத்து மாறாது."

"அதுவும் இதுவும் ஒண்ணா?"

"ஒண்ணுதான். நீ வகுப்புல இருந்தப்போ ஒரு நாள் விடுதியிலேர்ந்து ஒரு கட்டு திரும்பி வந்துச்சு. எல்லாம் கோணல். சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் என்னைக் கிழிகிழின்னு கிழிச்சாரு. கை வராதவன்னு பார்க்கலை, வயசைப் பார்க்கலை. வாயில வந்ததெல்லாம் சொன்னாரு. மொத்தக் கட்டையும் உட்கார்ந்து திரும்ப மடிச்சேன். பல்லால மூலையைப் பிடிச்சு மடிச்சேன். அன்னிக்கு சாயங்காலம் உனக்கு முன்னாடி கிளம்பி, பஸ் ஏறாம வீட்டுக்கு நடந்தே வந்தேன், ஞாபகம் இருக்கா?"

"பஸ்ஸை விட்டுட்டேன்னு சொன்ன."

"விடலை. அவ்வளவு நல்லா இருந்துச்சு. நடக்கணும்போல இருந்துச்சு."

 அவளுக்குப் புருஷன் மேல் ஆத்திரமாக வந்தது. மூன்று வருஷம் வாயை மூடிக்கொண்டு வாசலில் நின்றவனை என்ன செய்வது? தன் மேலும் வந்தது, அது இன்னும் அதிகம்.

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல."

"நீ கேட்டியா?"

மகள் வந்து கேக்கைத் திறந்து தனக்கு ஒரு துண்டு வெட்டிக்கொண்டாள். "நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டு முடிங்க" என்று சொல்லிவிட்டு நின்றபடியே தின்றாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் மரங்கொத்தியின் அறைக் கதவுக்கு முன்னால் நின்றாள். குடையிலிருந்து தண்ணீர் சொட்டி வராந்தாவில் ஓடியது. உள்ளே வரச் சொன்னார். அலமாரியெல்லாம் புத்தகம், நாற்காலியிலும் புத்தகம். எடுத்து வைத்துவிட்டு, "உட்காருங்கம்மா" என்றார்.

"நின்னுக்கிறேன் சார். எனக்கு நேத்து போட்ட பாஸை எடுத்துடுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏன்? என்ன ஆச்சு?"

"நான் பூவை மாத்திக் கொடுத்தேன். அந்தப் பொண்ணும் மாத்திக் கொடுத்துச்சு. அதுக்குத் தட்டினீங்க. எனக்கு ஏன் தட்டலை?"

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு மெதுவாகப் பேசினார். "அந்தப் பொண்ணுக்கு இதுதான் வேலை. நீங்க அப்படியில்லை. காலையிலேர்ந்து ஆவியில நின்னுட்டு வர்றீங்க. என் அக்கா வயசு இருக்கும். உங்களை அத்தனை பிள்ளைங்க முன்னாடி அசிங்கப்படுத்த எனக்கு மனசு வரலை. அதுதான்."

ஒரு எழுத்து மாறவில்லை. புருஷனை நினைத்து அவளுக்கு இன்னும் எரிச்சலானது.

"அத்தனை பிள்ளைங்களையும் அசிங்கப்படுத்துறீங்களா சார் அப்ப?"

"இல்லை. அவங்க கத்துக்கிறாங்க."

"நான்?"

அவர் மேசைமேல் கிடந்த காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார்.

"நான் என்ன, சுவத்துல மாட்டின படமா? இத்தனை மாசமா வீட்டுல போய், இன்னிக்கும் தட்டலை, இன்னிக்கும் தட்டலைன்னு பீத்திக்கிட்டேன் சார். எனக்கு எல்லாம் வருதுன்னு நினைச்சேன். என்னை முட்டாளாக்கினது நீங்க, அந்தப் பிள்ளைங்க இல்லை. எல்லாருக்கும் பூஜ்யம்னு சொன்னதுனாலதான் இங்க வந்தேன். எனக்கு மட்டும் அந்தப் பூஜ்யத்தையும் கொடுக்க மாட்டேன்னா எப்படி?"

குரல் உயர்ந்துவிட்டது. வராந்தாவில் போன யாரோ நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அவள் தணிக்கவில்லை.

"நான் இப்ப என்ன செய்யணும்?" என்றார் அவர்.

"தட்டணும்."

"பாஸை எடுத்துட்டா மறுபடி ஆரம்ப வகுப்புலேயே உட்கார வேண்டி வரும்."

"அங்கதானே சார் இருக்கேன். புத்தகத்தை எடுங்க."

அவர் எடுத்தார். அதே தீவு, அதே மாலுமி. அவள் நின்றபடி வாசித்தாள். பூவை இந்தத் தடவை சரியான ஆளுக்குக் கொடுத்தாள். அடுத்த வாக்கியத்தில் அந்தத் தெரியாத சொல் வந்தது. வாய்க்கு வந்ததைச் சொன்னாள். தப்பு என்று அவளுக்கே தெரிந்தது. அவர் கை மேசையில் கிடந்தது, எழும்பவே மாட்டேன் என்றது. அவள் தாண்டிப் போகாமல் நின்றாள். அதே தப்பை இன்னும் உரக்கச் சொன்னாள்.

விரல்முட்டி மேசையை லேசாகத் தொட்டது.

"கேக்கலை சார்."

டொக்.

அவள் வாக்கியத்தின் தலைக்குப் போனாள். தப்பு. டொக். திரும்பத் தலைக்கு. டொக். பிறகு தட்டுகள் தானாக விழ ஆரம்பித்தன. அவர் அவளைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் புத்தகத்தைப் பார்த்தார். யார் நிற்கிறார்கள் என்பதே அவருக்கு மறந்துபோய்விட்டது. சலவைக்கூடத்தில் வராத வேர்வை அவளுக்கு அங்கே வந்தது. ஒவ்வொரு தட்டும் பிடரியில் விழுந்தது. புத்தகத்தைத் தூக்கி அந்த ஆளின் தலையில் போடலாம்போல இருந்தது. கண்ணாடிக்காரப் பெண் ஏன் அழுதாள் என்று இப்போதுதான் தெரிந்தது. அழாமல் தலைக்குப் போனாள். ஒரு வாக்கியம் தாண்டியது. அதற்கடுத்தது பாதியில் நின்றுபோனது. பக்கம் முடியவில்லை.

"தேறலை" என்றார் அவர். குரலில் பூச்சு எதுவும் இல்லை.

"சரி சார்."

"இன்னும் கோபமா?"

"ஆமா. உங்க மேலதான். அடுத்த பருவம் முதல் நாளே வருவேன். கையை மடியில வெச்சுக்காதீங்க."

அவள் கூடத்துக்குத் திரும்பியபோது உருளை சுற்றிக்கொண்டிருந்தது. நெட்டை ஒற்றையாளாக விரிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா ஆச்சு?"

"பெயில்."

"அட பாவமே."

"பாவம் கீவம்னு சொன்னா உதைப்பேன். இரு, வர்றேன்."

ஜன்னலோரத்து மேசையில் புருஷன் மடித்து அடுக்கிய உறைகள் இருந்தன. மேலேயிருந்து ஏழெட்டு ஒழுங்கு, நடுவில் ஒன்று வாயைப் பிளந்துகொண்டு கோணலாகத் துருத்தி நின்றது. அவன் இடது கையால் அடுத்ததை இழுத்துப் பரப்பிக்கொண்டிருந்தான். அவள் கை பழக்கதோஷத்தில் அந்தக் கோணலை உருவப் போனது. பாதியில் நின்றது.

விரல்களை மடக்கினாள். மேசையில் ஒரு தட்டு தட்டினாள். டொக்.

அவன் நிமிர்ந்தான். "என்னடி?"



அவன் அடுக்கைப் பார்த்தான். கோணலைக் கண்டுபிடித்து உருவி எடுத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கெட்ட வார்த்தை சொன்னான், அவளுக்குக் கேட்கும்படியாகவே சொன்னான். உறையை உதறினான். உதறிய வேகத்தில் மறுகோடியில் சோப்புத்தூள் அளக்கிறவர் திரும்பிப் பார்த்தார். முதல் மூலையைப் பல்லால் பிடித்துக்கொண்டு, தலையிலிருந்து மடிக்க ஆரம்பித்தான்.

அவள் கையை மேசை மேலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.